குறட்டைக்கு நடுவே மூச்சு நிற்கிறதா? பக்கத்தில் படுப்பவருக்கான வழிகாட்டி

ஸ்லீப் அப்னியா என்பது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் கோளாறு. அது இருப்பவருக்குப் பெரும்பாலும் இருப்பதே தெரியாது. ராத்திரி முழுக்க மூச்சு நின்று நின்று வந்திருக்கும். காலையில் கேட்டால் "நல்லாத்தான் தூங்கினேன்" என்பார். பார்த்த சாட்சி பக்கத்தில் படுப்பவர் மட்டுமே. அதனால் இந்தப் பதிவு நோயாளிக்கு எழுதியதல்ல. குறட்டைச் சத்தத்தில் விழித்துக் கிடக்கும் மனைவிக்கும் கணவருக்கும், பிள்ளை ஏன் எப்போதும் வாயைத் திறந்தே தூங்குகிறது என்று யோசிக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன். இதற்காக இரவில் மாட்டிக்கொள்ளும் காற்று மெஷின் என்ன விலை என்று இப்போதே தேட வேண்டாம். அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

உள்ளே நடப்பது இதுதான். தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றியுள்ள மென்சதையும் சரிந்து மூச்சுவழியை அடைத்துவிடும். இளநீர்க் கடையில் தரும் காகித ஸ்ட்ரா ஊறிப்போனால், இழுக்க இழுக்க ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி ஆளை அரைகுறையாக எழுப்பும், வழி திறக்கும், மறுபடி தூக்கம். இந்த விழிப்பு நினைவில் நிற்காது. ஆனால் ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எகிறி இறங்கும். மூன்று மாத்திரை போட்டும் அடங்காத பிபிக்குப் பின்னால் பலருக்கு இதுதான் ஒளிந்திருக்கிறது.

மூச்சு விடச் சொல்லி மூளையே கட்டளை அனுப்பாத இன்னொரு வகையும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கும், மார்ஃபின் மாதிரியான ஓபியாய்டு வலிமருந்து எடுப்பவர்களுக்கும் வரும். அதன் வைத்தியம் வேறு.

படி 1: வீடியோ எடுங்கள்

மருத்துவரிடம் "ரொம்பக் குறட்டை விடறார்" என்று சொல்வதைவிட இரண்டு நிமிட வீடியோ ஆயிரம் மடங்கு உதவும். போர்வையை விலக்கி, முகமும் நெஞ்சும் வயிறும் ஒரே சட்டத்தில் தெரியும்படி போனை வையுங்கள். தூங்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை, விடியற்காலை நான்கு மணி வாக்கில் ஒருமுறை. கனவுத் தூக்கம் இரவின் பின்பாதியில்தான் அதிகம். அப்போது தசைகள் இன்னும் தளர்வதால் அடைப்பும் பலருக்கு மோசமாகும். மல்லாந்து படுத்திருக்கும்போது எடுத்தால் இன்னும் நல்லது.

எதைப் பார்க்க வேண்டும்? குறட்டை படிப்படியாக ஏறும், சட்டென்று நிற்கும். வீடே அமைதியாகும். இந்த அமைதிதான் ஆபத்தான இடம். இப்போது மனதுக்குள் எண்ணுங்கள். பத்து விநாடி தாண்டினால் பெரியவர்களுக்கு அது ஒரு அப்னியா. அந்த நேரத்திலும் நெஞ்சும் வயிறும் முண்டிக்கொண்டே இருக்கும், பல சமயம் ஒன்று உள்ளே போக மற்றது மேலே எழும். காற்று மட்டும் போகாது. பிறகு ஒரு பெரிய உறுமல், கால் ஒரு உதை, புரண்டு படுப்பார், குறட்டை மறுபடி முதலிலிருந்து.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரைப் பகலில் விரலில் மாட்டி, 98 காட்டுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். விழித்திருக்கும்போது இவர்களில் பெரும்பாலோருக்கு அது சரியாகவே இருக்கும்.

படி 2: எட்டுக் கேள்விகள், ஒரு இன்ச் டேப்

ஸ்டாப்-பேங் என்ற கேள்வித்தாளை உலகம் முழுக்க மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன. மூடிய கதவைத் தாண்டிக் கேட்கும் குறட்டையா? பகலில் சோர்வா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? பிபி உண்டா? பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 35க்கு மேலா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? ஆணா? ஒவ்வொரு "ஆமாம்"க்கும் ஒரு மதிப்பெண். 3 வந்தால் மருத்துவரைப் பாருங்கள், 5 அல்லது அதற்கு மேல் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

பிஎம்ஐ 35 என்ற அளவை மட்டும் நான் அப்படியே ஏற்கமாட்டேன். நம் ஊர் ஆட்களுக்கு அதைவிடக் குறைந்த எடையிலேயே வருகிறது. தாடை சிறிதாக, உள்வாங்கி இருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். பெண்களிடம், குறிப்பாக மாதவிடாய் நின்ற பிறகு, பெரிய குறட்டை இல்லாமலே வரலாம். காலைத் தலைவலி, தூக்கமின்மை, தீராத அசதி என்று அவர்கள் சொல்வார்கள். ரத்த சோகைக்கும் தைராய்டுக்கும் டெஸ்ட் எடுத்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இந்தச் சந்தேகத்தை நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிபவர், வைத்தியம் ஆரம்பித்துச் சரியாகும்வரை வண்டி ஓட்டக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

படி 3: யாரிடம் போவது, என்ன டெஸ்ட்

நுரையீரல் மருத்துவர் அல்லது காது மூக்கு தொண்டை மருத்துவர். தூக்கத்தைப் பதிவு செய்யும் ஸ்லீப் ஸ்டடி என்ற டெஸ்ட் எழுதித் தருவார்கள். ஆய்வகத்தில் ஒரு இரவு தங்கினால் தலையில் மூளை அலைக்கான ஒயர்கள், மூக்கில் சிறு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ஆக்சிமீட்டர் என்று மாட்டுவார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. வீட்டுக்கே கொண்டுவந்து மாட்டும் சின்னக் கருவியும் இருக்கிறது, செலவு குறைவு. ஆனால் பெரும்பாலான வீட்டுக் கருவிகள் மூளை அலையைப் பதிவதில்லை. விழித்துக் கிடந்த நேரத்தையும் கணக்கில் சேர்ப்பதால் எண்ணிக்கை குறைவாகக் காட்டலாம். வீடியோவில் தெளிவாகத் தெரிந்தும் வீட்டு டெஸ்ட் "நார்மல்" என்றால், ஆய்வகத்தில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

படி 4: ரிப்போர்ட் படிப்பது

பல பக்கம் வரும். முதலில் ஏஹெச்ஐ என்ற எண்ணைத் தேடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது அது. ஆறு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை என்றால் ஏஹெச்ஐ 35. பெரியவர்களுக்கு 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். அடுத்து, ஆக்சிஜன் எவ்வளவு தூரம் இறங்கியது என்று பாருங்கள். மல்லாந்து படுக்கும்போது ஏஹெச்ஐ எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அது மட்டும் அதிகமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கும் பழக்கமே பெரிய பலன் தரும்.

படி 5: பெரியவர்களுக்கு வைத்தியம்

நடுத்தரத்துக்கும் தீவிரத்துக்கும் முதல் தேர்வு சிபாப் மெஷின். 1981இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை உலகுக்குக் காட்டினார். இது ஆக்சிஜன் தரும் கருவி அல்ல. அறைக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியாகச் செலுத்தி, தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இதற்கு மாற்றாகாது.

மெஷினை மூலையில் போடுவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். மாஸ்க்கை முதலில் பகலில், டிவி பார்க்கும்போது மாட்டிப் பழகச் சொல்லுங்கள். முகத்தில் எண்ணெய் இருந்தால் சிலிக்கோன் விளிம்பு வழுக்கிக் காற்று கசியும். படுக்கும் முன் முகம் கழுவ வேண்டும். அடர்ந்த மீசை, தாடி இருப்பவர்களுக்கு நாசித்துவாரத்தில் மட்டும் உட்காரும் சின்ன மாஸ்க் பொருந்தும். காற்று கண்ணில் அடித்தால் மாஸ்க் அளவு தவறு. பட்டையை மேலும் இறுக்கினால் மூக்கில் புண்தான் வரும். வாய் வறண்டால் ஈரப்பதப் பெட்டியைப் பயன்படுத்துங்கள். அதில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரி தண்ணீரை அல்ல. கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. மாஸ்க்கில் காற்று வெளியேறத் துளைகள் இருக்கின்றன, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில் வெளிக்காற்றை உள்ளே விடும் வால்வும் இருக்கிறது. இன்வர்ட்டர் இருந்தால் தூக்கமும் கெடாது.

எடை குறைந்தால் ஏஹெச்ஐயும் குறையும். பத்து சதவீதம் குறைத்தால் சுமார் கால் பங்கு குறைய வாய்ப்புண்டு. மதுவும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவது இவர்களுக்கு விஷப்பரீட்சை. லேசான, நடுத்தர நிலைகளில் கீழ்த்தாடையை முன்னே தள்ளிப் பிடிக்கும் பல்செட் மாதிரியான கருவியைப் பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தருவார். அறுவை சிகிச்சை எல்லோருக்கும் அல்ல.

குழந்தைகளுக்கு எல்லாமே வேறு

பெரியவர் தூங்கி வழிவார். குழந்தை பெரும்பாலும் துள்ளும், கவனம் சிதறும். "ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கிறான்" என்று பள்ளியில் புகார் வரும். இரண்டு முதல் எட்டு வயதுக்குள் தொண்டையிலுள்ள டான்சிலும் மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையும் பெரிதாக இருப்பதே முக்கியக் காரணம். வீடியோவில் பார்க்க வேண்டியவை: திறந்த வாய், பின்னால் வளைந்த கழுத்து, மூச்சை இழுக்கும்போது உள்ளே குழியும் நெஞ்சு, நனைந்த தலையணை. நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கினால் அதையும் சொல்லுங்கள்.

பெரியவர்களின் அட்டவணையை வைத்துக் குழந்தையின் ரிப்போர்ட்டைப் படிக்காதீர்கள். குழந்தைக்கு ஏஹெச்ஐ 1ஐத் தாண்டினாலே இயல்பல்ல, 10க்கு மேல் தீவிரம். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைக்கு அறிகுறி தெரியாவிட்டாலும் நான்கு வயதுக்குள் ஒரு ஸ்லீப் ஸ்டடி செய்ய வேண்டும்.

வைத்தியத்தில் பொதுவாக முதல் தேர்வு டான்சிலையும் அடினாய்டையும் எடுப்பதுதான். லேசாக இருந்தால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைச் சில வாரங்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். மாண்டெலுகாஸ்ட் மாத்திரையும் தரப்படுவதுண்டு. அதை எடுக்கும்போது பிள்ளையின் மனநிலையில் மாற்றமோ கெட்ட கனவுகளோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். உடல் பருமன் உள்ள பிள்ளைகளுக்கும் தீவிர நிலையில் இருந்தவர்களுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகும் மிச்சம் இருக்கலாம். மறுபடி டெஸ்ட் எடுக்கக் கேளுங்கள்.

இன்னொன்று, பெரியவர் சிறியவர் இருவருக்கும். குடலிறக்கமோ பல்லோ, எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் ஸ்லீப் அப்னியா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மயக்க மருந்தும் அதற்குப் பின் தரும் வலிமருந்தும் தொண்டையைத் தளர்த்தும். மெஷின் வைத்திருப்பவர் என்றால் துணிப்பையோடு அதையும் மாஸ்க்கையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.