சுரங்கப் பங்கு வாங்கும் முன்: மண்ணில் இருப்பதெல்லாம் நம் கணக்கில் வராது

2023 பிப்ரவரியில் ஜம்மு காஷ்மீரின் ரியாசி மாவட்டத்தில் 59 லட்சம் டன் லித்தியம் இருப்பதாக அறிவிப்பு வந்தது. மறுநாளே வாட்ஸ்அப்பில் நாம் லித்தியம் வல்லரசு ஆகிவிட்டோம். "எந்தப் பங்கு வாங்கலாம்?" என்று என்னிடமே மூன்று பேர் கேட்டார்கள். அந்த 59 லட்சம் டன் லித்தியம் அல்ல. லித்தியம் கலந்த தாது. அதுவும் 'ஜி3' நிலையில் இருந்த மதிப்பீடு. கனிமத் தேடலில் ஜி4 என்பது மேலோட்டமான பார்வை, ஜி3 முதற்கட்ட ஆய்வு, ஜி2 பொதுவான ஆய்வு, ஜி1 விரிவான ஆய்வு. ஜி3 என்றால் "இங்கே இருக்கலாம், இன்னும் துளை போட்டுப் பார்க்க வேண்டும்" என்று பொருள். பிறகு அந்தப் பகுதி ஏலத்துக்கு வந்தது. போதிய ஏலதாரர்கள் வராததால் ஏலம் ரத்தானது. மறுபடி வைத்தார்கள், மறுபடியும் அதே கதைதான்.

உலோகச் சுரங்கப் பங்குகளில் பணம் போடுபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். மண்ணுக்குள் இருப்பது 'வளம்'. அதில் இன்றைய விலையில், இன்றைய தொழில்நுட்பத்தில், லாபத்தோடு வெளியே எடுக்கக்கூடிய பங்கு மட்டுமே 'இருப்பு'. கோலார் தங்க வயலைவிட நல்ல உதாரணம் தமிழர்களுக்கு வேண்டாம். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கடைசித் துணுக்குத் தங்கம் வரை தோண்டி முடித்துவிட்டதால் அல்ல. 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் எடுக்கும் செலவு, தங்கம் விற்ற விலையைத் தாண்டிவிட்டது.

வளர்ச்சிக் கதை பொய்யில்லை. கச்சா எஃகு உற்பத்தியில் 2018 முதல் இந்தியா உலகில் இரண்டாவது இடம். 2017 தேசிய எஃகுக் கொள்கை, 2030-31க்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறன் என்று இலக்கு வைத்திருக்கிறது. மத்திய அரசின் சுரங்க நிறுவனமான என்.எம்.டி.சி. 2030க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் இரும்புத் தாது எடுக்கப் பார்க்கிறது. 2025 ஜனவரியில் 16,300 கோடி ரூபாயில் முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்துக்கும் ஒப்புதல் கிடைத்தது. சரி, தேவை கூடும். அந்தத் தேவையிலிருந்து வரும் காசு யார் கைக்குப் போகும் என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

ஏலக் கணக்கைப் பார்க்காமல் வாங்குவது

"சொந்தச் சுரங்கம் இருக்கிற கம்பெனி" என்று ஒரு பங்கைப் பரிந்துரைத்தால், நான் முதலில் கேட்பது குத்தகை எப்போது வந்தது என்றுதான். 2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி ஏல முறையைக் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான ஏலங்களில், இந்தியச் சுரங்கப் பணியகம் வெளியிடும் சராசரி விற்பனை விலையில் எத்தனை சதவீதம் அரசுக்குத் தருவோம் என்று கேட்க வேண்டும். 2020 மார்ச் 31 அன்று பழைய வணிகக் குத்தகைகள் (தாதுவை வெளியே விற்பவர்களுடையவை) முடிந்ததை ஒட்டி ஒடிசாவில் நடந்த இரும்புத் தாது ஏலங்களில் சிலர் கேட்ட விகிதம் 100 சதவீதத்தையும் தாண்டியது.

ஒரு கணக்குக்காக, சராசரி விலை டன்னுக்கு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 சதவீத ஏலத் தொகை 3,000. இரும்புத் தாதுக்கு ராயல்டி (கனிமம் எடுப்பதற்காக அரசுக்குத் தரும் தொகை) 15 சதவீதம், அதாவது 450. ராயல்டியில் 10 சதவீதம் மாவட்டக் கனிம அறக்கட்டளைக்கு, அது 45. ஆக, 3,000 ரூபாய் சரக்குக்கு அரசுக்கு மட்டும் 3,495. வெடி வைப்பது, அள்ளுவது, லாரி, ரயில் எல்லாம் இதற்கு மேல். பிறகு ஏன் இவ்வளவு தொகைக்கு ஏலம் கேட்கிறார்கள்? தாது இல்லாமல் உலை நின்றுவிடக் கூடாது என்ற பயம் ஒன்று. தன் தாதுவின் தரம் சராசரியைவிட மேல் என்ற நம்பிக்கை இன்னொன்று. போட்டியாளர் கைக்குப் போய்விடக் கூடாது என்ற வீம்பும் கொஞ்சம் இருக்கும் என்பது என் சந்தேகம்.

பழைய குத்தகை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுமை இல்லை. ஆனால் ஆலைகளின் சொந்தப் பயன்பாட்டுக்கான பல பழைய குத்தகைகள் 2030 மார்ச் 31 அன்று முடிகின்றன. இன்று ஒரு எஃகு நிறுவனத்தின் லாபம் மலிவான சொந்தத் தாதுவால் வருகிறது என்றால், அந்தத் தேதிக்குப் பிறகு அதே லாபம் எப்படி வரும் என்று ஆண்டறிக்கையில் தேடிப் பாருங்கள்.

பி.இ. குறைவு, அதனால் மலிவு

இதில் சூடுபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். பி.இ. என்பது பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற விகிதம். சோப்பு, பற்பசை விற்கும் கம்பெனியின் பி.இ. விகிதம் 5 என்றால் அது மலிவாக இருக்கலாம். உலோகக் கம்பெனிக்கு 5 என்றால், பெரும்பாலும் அது லாபத்தின் உச்சியில் நிற்கிறது. ஒரு டன் எடுக்கும் செலவு 4,000, விற்கும் விலை 5,000 என்றால் லாபம் 1,000. விலை 10 சதவீதம் இறங்கி 4,500 ஆனால், லாபம் 10 சதவீதமா குறைகிறது? பாதியாகிறது. இன்னும் 10 சதவீதம் இறங்கினால் கையில் ஐம்பது ரூபாய். நேற்று 5 ஆக இருந்த பி.இ., பங்கின் விலை இறங்கிய பிறகும் 50 என்று காட்டும். அப்போது "ரொம்ப விலை அதிகம்" என்று விற்றுவிட்டு ஓடுவோம். நானும் அப்படித்தான் ஓடினேன். ஒரு வருடத்தைப் பார்க்காமல், ஏற்றமும் இறக்கமும் சேர்ந்த ஏழெட்டு ஆண்டுகளின் சராசரி லாபத்தை வைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும். கூடவே கடனையும் பார்க்க வேண்டும். விலை விழும் காலத்தில் வட்டி மட்டும் விழாது.

டிவிடெண்டிலும் (நிறுவனம் பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம்) இதே பொறிதான். ஹிந்துஸ்தான் சிங்க் 2022-23இல் பங்குக்கு 75.50 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. அந்த வருட லாபத்தைப் போலச் சுமார் மூன்று மடங்கு அது. சேர்த்து வைத்த காசு வெளியே போனது. அடுத்த வருடம் 13 ரூபாய். 75ஐ நிரந்தர வருமானம் என்று எண்ணி வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

அரசையும் நீதிமன்றத்தையும் கணக்கில் சேர்க்காதது

2022 மே 21 சனிக்கிழமை. மாலையில் அறிவிப்பு: இரும்புத் தாது ஏற்றுமதி வரி 50 சதவீதம், பல எஃகுப் பொருட்களுக்கு 15 சதவீதம். திங்களன்று சந்தை திறந்ததும் முன்னணி எஃகுப் பங்குகள் பல 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தன. அப்புறம் நவம்பரில் அந்த வரி உயர்வை விலக்கிக்கொண்டார்கள். பணவீக்கத்தைப் பிடிக்க எடுத்த முடிவு அது. எந்தச் சுரங்கத்திலும் எதுவும் மாறவில்லை.

நீதிமன்றத் தீர்ப்பு இன்னும் ஆழமாக இறங்கும். கோவாவில் 2018இல் உச்ச நீதிமன்றம் 88 குத்தகைகளை ஒரே தீர்ப்பில் ரத்து செய்தது. கர்நாடகத்தின் பெல்லாரியில் 2011இல் சுரங்கங்களையே நிறுத்தி வைத்தது.

ஊர் வேண்டாம் என்றால்

ஒடிசாவின் லாஞ்சிகரில் வேதாந்தா அலுமினா ஆலையைக் கட்டியது, பக்கத்து நியமகிரி மலையின் பாக்சைட்டை (அலுமினியத் தாது) நம்பி. 2013இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. டோங்கரியா கோந்த் மக்கள் வாழும் பகுதியின் 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. ஆலைக்கான தாதுவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதாயிற்று.

நம் ஊர்க் கதை எல்லோருக்கும் தெரியும். மதுரை மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டியை உள்ளடக்கிய டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போனது. டிசம்பரில் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில் மதுரையை நோக்கி விவசாயிகளின் பேரணி, 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. ஏலச் செய்தி வந்த அன்று டங்ஸ்டன் வருமானத்தைக் கணக்குப் போட்டவர்கள் கிராம வரைபடத்தையோ, அங்கே பல்லுயிர் மரபுத் தலம் இருப்பதையோ பார்த்திருக்க மாட்டார்கள்.

பழைய பாக்கி

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. ராயல்டி என்பது வரியா என்ற கேள்வி தமிழ்நாடு அரசுக்கும் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் எழுந்தது. வரிதான் என்று 1989இல் தீர்ப்பானது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 8-க்கு 1 என்ற கணக்கில் அதை மாற்றியது: ராயல்டி வரி அல்ல, கனிம உரிமைகளுக்கு மாநிலங்கள் தனியாக வரி போடலாம். அடுத்த மாதமே, 2005 ஏப்ரல் 1 முதலான வரிப் பாக்கியையும் மாநிலங்கள் கேட்கலாம் என்றது. 2026 ஏப்ரல் முதல் 12 ஆண்டுகளில் தவணையாகக் கட்டலாம் என்பது சலுகை.

ஆண்டறிக்கையின் பின்பகுதியில், 'நேரக்கூடிய பொறுப்புகள்' என்ற குறிப்பின் கீழ், பொடி எழுத்தில் இந்தத் தொகை வரும். சில நிறுவனங்கள் எண்ணைப் போட்டிருக்கும், சில 'மதிப்பிட இயலாது' என்று நகர்ந்திருக்கும். நான் இப்போதெல்லாம் உலோகப் பங்கின் அறிக்கையை அந்தப் பக்கத்திலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறேன்.