ஐபாட் டாக் ரிமோட் வேலை செய்யவில்லையா?

ஐபாடைச் செருகிப் பாட்டு கேட்கும் ஸ்பீக்கர்தான் டாக். பழைய டாக்கின் ரிமோட்டைத் தூக்கிப் போடும் முன் இதைச் செய்து பாருங்கள். போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் வெளிர் ஊதா ஒளி மினுங்கினால் ரிமோட் சிக்னல் அனுப்புகிறது. அப்படியானால் கோளாறு டாக்கில் இருக்கலாம், சிக்னலை வாங்கும் அதன் சென்சார் பக்கம் பாருங்கள். பின்பக்கக் கேமரா வேண்டாம், பல போன்களில் அது ரிமோட் அனுப்பும் அகச்சிவப்பை (கண்ணுக்குத் தெரியாத ஒளி) வடிகட்டிவிடும். ஒளியே இல்லையென்றால் பெரும்பாலும் ரிமோட்டின் பட்டன் செல் (நாணயம் போன்ற சின்ன பேட்டரி) தீர்ந்திருக்கும். சிஆர்2025, சிஆர்2032 இரண்டும் ஒரே அகலம், தடிமன்தான் வேறு, பார்த்து வாங்குங்கள். பழைய செல் குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது, விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சரி, பாட்டு ஓடுகிறது, சார்ஜ் மட்டும் ஏறவில்லையா? பழைய 30 பின் (ஐபாடின் அகலமான பழைய இணைப்பு) டாக்குகள் சில, ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு முறைக்கான பின்களில் 12 வோல்ட் தான் தரும். 2008இல் வந்த ஐபாட் டச், நானோ அதை ஏற்காது. டாக்குக்கும் ஐபாடுக்கும் இடையில் செருகும் சார்ஜ் அடாப்டர் போட்டால் ஏறும்.