அடர்நீலமா, வெளிர்மஞ்சளா? இரண்டு நிறங்களில் ஒன்றை முடிவு செய்யும் முறை

சுவர் பெயிண்டின் ஷேட் கார்டில் (நிற மாதிரிகள் உள்ள அட்டையில்) நேரெதிரான இரண்டு நிறங்களைக் குறித்து வைத்துவிட்டு, எதைப் பூசுவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கு இது. எங்கள் கூடத்துக்கு அடர்நீலமா, வெளிர்மஞ்சளா என்ற கேள்வி இப்படித்தான் தீர்ந்தது.

1. இரண்டிலும் சின்ன சாம்பிள் டப்பா வாங்குங்கள். மொபைல் திரையில் தெரியும் நிறத்தை நம்பவே வேண்டாம். பெரிய வெள்ளை அட்டைகள் இரண்டில் ஓரமெல்லாம் இரண்டு அங்குலம் வெள்ளை விட்டு, அட்டைக்கு ஒரு நிறமாக இரண்டு கோட் அடியுங்கள். பிரஷ்ஷைவிட சின்ன ரோலர்தான் என் சாய்ஸ். சுவரில் வரப்போகும் அதே சொரசொரப்பு அட்டையிலும் வரும். நன்றாகக் காயட்டும், ஈரத்தில் தெரிவது உண்மையான நிறம் இல்லை.

2. பலரும் சறுக்குவது இங்கேதான். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். நீலத்தின் அருகே மஞ்சள் இன்னும் மஞ்சளாகும். மஞ்சளின் அருகே நீலம் இன்னும் ஆழமாகும். கண் அப்படித்தான் ஒன்றை வைத்து மற்றதை எடைபோடும். ஆனால் அறையில் இருக்கப்போவது ஒரே நிறம். அதனால் ஓர் அட்டையை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்க ஒன்றை மட்டும் பாருங்கள். மறுநாள் மற்றது. படுக்க வைக்காமல் சுவரோடு நிமிர்த்தி, சோபாவுக்குப் பின்னால் வையுங்கள்.

3. காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என மூன்று வேளையும் பார்க்க வேண்டும். பல்ப் பெட்டியில் கெல்வின் எண் இருக்கும். 2700 என்றால் மஞ்சள் ஒளி, 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. 2700 ஒளியில் நீலக்கூறு குறைவு. பகலில் பளிச்சென்றிருந்த அடர்நீலம் ராத்திரியில் கரி பூசினாற்போல் மங்கிவிடும், வெளிர்மஞ்சளோ இதமாகத் தெரியும். மாலையில்தான் அந்த அறையில் உட்காருவீர்கள் என்றால் ராத்திரித் தீர்ப்புக்கே மதிப்பு அதிகம்.

4. கடைசியாக அட்டையை அறை மூலையில் வையுங்கள். நான்கு சுவரிலும் பூசினால் ஒன்றின் நிறம் மற்றதில் பட்டுத் திரும்பும், அட்டையில் கண்டதைவிட அழுத்தமாகத் தெரியும். தயக்கமிருந்தால் கார்டில் ஒரு படி வெளிர் நிறத்தை எடுங்கள்.

பின்சேர்க்கை: "அதே நம்பர்தான், ஆனாலும் சுவர் வேறு மாதிரி இருக்கிறதே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஃபினிஷை, அதாவது காய்ந்த பெயிண்டின் பளபளப்பு எவ்வளவு என்பதைப் பாருங்கள். சாம்பிள் பளபளப்பில்லாத மேட் ரகமாக இருந்து, சுவருக்கு வாங்கியது பளபளப்பு ரகமாக இருந்தால் இரண்டும் ஒத்துப்போகாது. சாம்பிள் வாங்கும்போதே சுவருக்கான ஃபினிஷிலேயே கலக்கித் தரச் சொல்லுங்கள்.