கண்டக்டர் பையிலிருந்து தொடங்கிய நாணயச் சேகரிப்பு: புதிதாகச் சேர்க்க வருபவர்களுக்கு

கரூர் டவுன் பஸ்களில் 34 வருடம் கண்டக்டராக இருந்தேன். 1988-இல் பை மாட்டினேன், 2022-இல் கழற்றினேன். சேர்ந்த புதிதில் ராத்திரி ஷிப்ட் முடிந்து டிப்போவில் கணக்குக் கட்டும்போது தோல் பையின் வார் தோளில் பதிந்து சிவந்திருக்கும். அத்தனை சில்லறை. கடைசி வருடத்தில் அதே பை காற்றுப்போல இருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கடைத்தெருவிலோ போனை நீட்டிப் பணம் கட்டுகிற பழக்கம் வந்துவிட்டது.

நாணயம் சேர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ராஜராஜன் காசு எங்கே கிடைக்கும்?" என்றுதான். அதற்கும் வருகிறேன். ஆனால் நீங்கள் முதலில் எடுத்துவைக்க வேண்டியது இன்றைக்கு டீக்கடையில் கைமாறும் ஒரு ரூபாயை. சோழர் காசை அருங்காட்சியகம் பார்த்துக்கொள்ளும். நம் காலத்துச் சில்லறையை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. நாலணா அப்படித்தான் போனது. 25 காசும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாது என்று அரசு அறிவித்தபோது, என் பையில் தேடினால் ஒரு நாலணாகூட இல்லை. அதற்கு முன்பே ஜனங்கள் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள். காண்டாமிருகம் போட்ட அந்த 25 காசு ஆயிரக்கணக்கில் என் விரல் வழியாகப் போயிருக்கிறது. கடைசியில் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கித்தான் ஆல்பத்தில் வைத்தேன். எட்டணா சட்டப்படி இன்றும் செல்லும். ஆனால் கொடுத்துப் பாருங்கள், வாங்க ஆளில்லை. அதனால் கண்ணில் படும்போதே எடுத்து வையுங்கள்.

முதல் வேலை: ஆண்டுக்குக் கீழே பாருங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் கண்ணில் மாட்டுவார்களே, அதுவே போதும். வீட்டில் இருக்கும் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்களை எல்லாம் மேசையில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பிடியுங்கள். ஆண்டு அச்சிட்டிருக்கும் இடத்துக்குக் கீழே கடுகு அளவில் ஒரு குறி இருக்கும். வைரம்போலச் சாய்சதுரம் இருந்தால் மும்பை நாணயச்சாலை. நட்சத்திரம் என்றால் ஹைதராபாத். உருண்டையாக ஒரு புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. பழைய காசுகளில் இந்தக் குறிகளின் வடிவம் கொஞ்சம் மாறும், அது போகப் போகப் பிடிபட்டுவிடும்.

இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து சில்லறை வேறு மாதிரித் தெரியும். நேற்றுவரை "ஒரு ரூபாய்" என்று இருந்தது, இன்று "1998, நொய்டா" ஆகிவிடும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் கொடுக்கும் கணக்கு இது: நீங்கள் பிறந்த வருடத்து ஒரு ரூபாயை நான்கு நாணயச்சாலைக் குறிகளிலும் தேடுங்கள். எல்லா வருடமும் எல்லா ஊரிலும் அடித்திருக்க மாட்டார்கள். கிடைத்தவரை வையுங்கள். செலவு நான்கு ரூபாய்தான், தேடலுக்கோ மாதக்கணக்கில் ஆகலாம்.

பையிலிருந்து காசு எடுக்கும்போது ஒரு விதி வைத்திருந்தேன். ஒரு ரூபாய் எடுத்தால் என் சட்டைப்பையிலிருந்து இன்னொரு ரூபாயை உடனே போட்டுவிட வேண்டும். அது கலெக்‌ஷன் பணம், என்னுடையது இல்லை. கடையில் உட்காருகிறவர்கள், கோயில் உண்டியல் எண்ணப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். ஆசை பெரிதாகும்போது கணக்கில் கை வைத்துவிடக் கூடாது.

இரண்டாவது கருவி சின்னக் காந்தம். 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும். அதற்கு முந்தைய, செம்பும் நிக்கலும் கலந்த ரூபாய் ஒட்டாது. வெள்ளி ரூபாய் என்று யாராவது 1947 ஆண்டு போட்ட ஜார்ஜ் மன்னர் ரூபாயை விற்க வந்தாலும் காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டிக்கொள்ளும். ஏனென்றால் அது நிக்கல். பழைய வெள்ளி ரூபாய் 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940-இல் அதைப் பாதியாகக் குறைத்தார்கள், 1947-இல் வெள்ளியையே எடுத்துவிட்டார்கள். ஆக, ஒரு காந்தமும் நகைக்கடையில் இருப்பதுபோல ஒரு சின்னத் தராசும் இருந்தால் பாதி ஏமாற்றிலிருந்து தப்பலாம்.

தேய்க்காதீர்கள்

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். என் அம்மா பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த 1918-ஆம் வருடத்து வெள்ளி ரூபாய் ஒன்று எங்கள் பூஜை அறையில் மஞ்சள் துணியில் முடிந்து கிடந்தது. குலதெய்வத்துக்கு நேர்ந்து முடிந்த காசு. நேர்த்தி முடிந்ததும் அம்மா அதை எனக்குத் தந்தார். கறுத்திருந்தது. வெள்ளிக் குத்துவிளக்குக்குச் செய்வதைப்போல விபூதி போட்டு, பருத்தித் துணியால் அரை மணி நேரம் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. சந்தோஷத்தோடு ஒரு நாணய வியாபாரியிடம் காட்டினேன். அவர் விளக்கை ஏற்றி, காசை மெல்லத் திருப்பி, லென்ஸை என்னிடம் கொடுத்தார். மன்னர் கன்னத்தில் தலைமுடியைவிட மெல்லிய கீறல்கள், வட்டம் வட்டமாக, நான் தேய்த்த திசையிலேயே ஓடியிருந்தன. மேலங்கியில் தொங்கும் சங்கிலியில் சின்ன யானை ஒன்று இருக்கும். அதன் முதுகுக் கோடு மழுங்கிவிட்டது. நூறு வருடமாக அந்தக் காசின் மேல் படிந்திருந்த கருமை அதற்குப் போர்வைபோல இருந்திருக்கிறது. அதை நான் உரித்துவிட்டேன். "இனி இதற்கு வெள்ளி விலைதான்" என்றார் அவர். விலை போனதுகூடப் பெரிதில்லை. அம்மா பார்த்த முகம் அதில் இப்போது இல்லை.

அதனால் புளி, எலுமிச்சை, விபூதி, பல்பொடி, பாத்திரம் விளக்கும் பவுடர் எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில், பாட்டரிக்கு ஊற்றுவார்களே அந்த நீரில், ஒரு ராத்திரி ஊறப்போடுங்கள். மறுநாள் பஞ்சுத் துணியில் ஒற்றி எடுங்கள். ஒற்றத்தான் வேண்டும், துடைக்கக் கூடாது. காசை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் வியர்வை ஒரு வாரத்தில் தெரியாது, ஐந்து வருடத்தில் செம்புக் காசின் மேல் ரேகையாகவே எழுந்துவரும்.

வைக்கும் இடமும் முக்கியம். நான் முதலில் ரப்பர் பாண்டு போட்டுக் கட்டி வைத்தேன். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளிக் காசுகளின் மேல் கறுப்புக் கோடு இழுத்துவிட்டது. பிறகு மலிவான பிளாஸ்டிக் ஆல்பம் வாங்கினேன். மெத்தென்று இருக்கும், திறந்தால் புது மழைக்கோட்டு வாசனை வரும். அதுதான் பிவிசி. நாளடைவில் காசின் மேல் பச்சைப் பிசினாகக் கசிந்து அரிக்கும். நாணயப் பொருள் விற்பவர்களிடம் நடுவில் வட்டமாக மைலார் என்ற, பிவிசி இல்லாத கண்ணாடிபோன்ற தாள் ஒட்டிய இரண்டங்குல அட்டைகள் கிடைக்கும். காசை நடுவில் வைத்து மடித்து ஸ்டேப்ளர் அடிக்கலாம். பின்னின் முனையைக் குறடால் தட்டையாக்கிவிடுங்கள், இல்லையென்றால் பக்கத்துக் காசைக் கீறும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவையுங்கள்.

எங்கே தேடுவது

முதலில் மொய்க்கவர். நூற்றொன்று, ஐநூற்றொன்று வைக்க ஒரு ரூபாய் ஒட்டிய உறை வாங்குகிறோமே, அந்தக் காசு பெரும்பாலும் யார் கையிலும் புழங்காத புதுக்காசு. வீட்டில் கல்யாணம் நடந்தால் உறைகளைத் தூக்கி எறியும் முன் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். பிய்த்து எடுக்காதீர்கள். ஒட்டிய இடத்தைச் சுற்றித் தாளை வெட்டி, தண்ணீரில் போட்டால் பசை தானாக விடும்.

அடுத்தது நினைவு நாணயங்கள். இந்தியாவில் இது 1964-இல் நேரு நாணயத்தோடு தொடங்கியது. நம் ஊர் சம்பந்தப்பட்டவை மட்டுமே ஒரு தனிப் பக்கம் வரும். 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசுகள், காமராசர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், அறிஞர் அண்ணா ஐந்து ரூபாய், 2010-இல் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக் காசு எல்லாம் புழக்கத்துக்கே வந்தவை. பஸ்ஸில் எனக்குக் கிடைத்திருக்கின்றன. நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய் என்று பெட்டியில் போட்டு விற்கும் நினைவு நாணயங்கள் வேறு. அவற்றை நாணயச்சாலையே சேகரிப்பவர்களுக்காக விற்கிறது. நான் அதிகம் வாங்குவதில்லை. யார் கையிலும் புழங்காத காசில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை.

பழையதில் தொடங்க ஆசையென்றால் புதுக்கோட்டை அம்மன் காசு வாங்குங்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய செம்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. சமஸ்தானத்தில் நவராத்திரியின்போது அரிசியோடு இதையும் ஜனங்களுக்குக் கொடுத்தார்கள். விலையும் அதிகமில்லை. அடுத்து ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப்போரில் செம்பை மிச்சப்படுத்த 1943-இல் நடுவில் துளை போட்டு அடித்த காசு. அரைஞாண் கயிற்றில் கோத்துக் குழந்தைகளுக்குக் கட்டுவார்கள். அப்படித் தேய்ந்த ஒன்று என்னிடம் இருக்கிறது.

ராஜராஜன் காசைக் கடைசியில்தான் வாங்க வேண்டும், ரசீதோடு வாங்க வேண்டும். வார்ப்பில் செய்த போலிகள் நிறைய. விளிம்பில் இரண்டு அச்சுகள் சேர்ந்த கோடு தெரியும், மேற்பரப்பு மணல்போலப் பொரிந்திருக்கும். கரூர்க்காரன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அமராவதி ஆற்று மணலில் மாக்கோதை, கொல்லிப்புறை என்று பெயர் பொறித்த சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. யாருக்காவது மண்ணில் புதையலாகக் கிடைத்தால் அதை மறைக்கக் கூடாது. 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது, கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை அனுமதியின்றி வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. எந்த மண்ணில், எந்த ஆழத்தில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் சரித்திரக்காரர்களுக்கு அந்தக் காசு ஊமை. நல்ல காசு எப்படி இருக்கும் என்று கண் பழக, எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பகுதியில் ஒரு பகல் முழுக்க நில்லுங்கள்.

போனில் வரும் "வைஷ்ணவி தேவி காசுக்குப் பத்து லட்சம்" விளம்பரத்தை நம்பி, என் தெருவில் ஒரு அம்மா பதிவுக் கட்டணம், வரி என்று மூன்று தடவை பணம் அனுப்பினார். ஒரு ரூபாய் திரும்பவில்லை. இப்படிப்பட்ட ஆட்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. காசை வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். விற்கிற உங்களிடம் முன்பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

நோட்டுப் புத்தகம்

எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஒவ்வொரு அட்டையிலும் எண் போட்டு, நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே தேதி, இடம், யார் கொடுத்தது என்று எழுதுங்கள். என் நோட்டில் ஒரு பதிவு: "எண் 212. பத்து ரூபாய், 2011. வாங்கல் ஊர் வண்டி. பாட்டி ஒருத்தர். கடையில் வாங்கவில்லையாம்." பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று நம் ஊர்களில் வதந்தி கிளம்பிய சமயம் அது. காசில் பொறித்த கோடுகள் பத்து இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு என்றெல்லாம் சொன்னார்கள். ரூபாய்க் குறி வந்தபின் அடித்த காசில் பத்துக் கோடு, அதற்கு முந்தையதில் பதினைந்து, அவ்வளவுதான் விஷயம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட்ட பிறகும் படிக்கட்டில் நின்று எத்தனை பேரிடம் வாதாடியிருக்கிறேன். அந்தப் பாட்டியிடம் பத்து ரூபாய்த் தாள் கொடுத்து அந்தக் காசை வாங்கிக்கொண்டேன்.

இனி உலோகக் காசு என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். உடனே மறையாது என்றுதான் எனக்குப் படுகிறது. 2020-இல் பன்னிரண்டு பக்கம் கொண்ட இருபது ரூபாய்க் காசு புழக்கத்துக்கு வந்தது. 2023 பிப்ரவரியில், போனில் ஸ்கேன் செய்தால் சில்லறை கொட்டும் இயந்திரத்தைச் சோதித்துப் பார்ப்பதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. தட்டில் வெற்றிலை பாக்கோடு வைக்கவும், உண்டியலில் போடவும், மொய்யில் அந்த ஒன்றைச் சேர்க்கவும் காசு வேண்டும். ஆனால் சின்ன மதிப்புகள் ஒவ்வொன்றாக உதிரும். எட்டணா போய்விட்டது, அடுத்து ஒரு ரூபாயின் முறை வரலாம். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

என் பேத்திக்கு ஆறு வயது. 2007-க்குப் பிறகு சில வருடம் வந்த கை முத்திரைக் காசுகளை அவளிடம் கொடுத்தேன். ஒரு ரூபாயில் கட்டைவிரல் நிமிர்ந்திருக்கும், இரண்டு ரூபாயில் இரு விரல், எட்டணாவில் மூடிய கை. அவள் ஒவ்வொன்றையும் பார்த்துத் தன் கையில் அதேபோலப் பிடித்துக் காட்டினாள். எட்டணாவுக்கு விரல்களை மடக்கிக்கொண்டு, "இதுல என்ன வாங்கலாம் தாத்தா?" என்றாள். இது எண் 340. நோட்டில் அவள் கேள்வியையும் எழுதிவைத்திருக்கிறேன்.