சொகுசுக் கப்பல் மாதிரி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் வருடத்தைக் கேளுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆன்டாப் ஹில்லிலிருந்து இரண்டு தம்பிகள் ஓர் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். உள்ளே 'கர்னிகா'. 2019-இல் மும்பையிலிருந்து புறப்பட்டுக்கொண்டிருந்த அதே சொகுசுக் கப்பல், 1:500 அளவில், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம். மூன்று மாத உழைப்பு. ஜன்னல் வெட்டிய நேர்த்தியைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அப்புறம் ஃபனலை, அதாவது புகைபோக்கியைப் பார்த்தேன். அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட படம், அந்தக் கப்பல் 'பசிஃபிக் ஜுவல்' என்ற பெயரில் ஆஸ்திரேலியாவில் ஓடிய காலத்துப் படம். மூக்கில் மும்பைப் பெயர், ஃபனலில் ஆஸ்திரேலிய வண்ணம். அப்படி ஒரு கப்பல் எந்தக் கடலிலும் ஒரு நாள்கூட மிதந்ததில்லை.

நானும் இதே தவறைச் செய்தவன். அதனால்தான் இதை எழுதுகிறேன். பசை வழிவது, கத்தி மழுங்குவது, விரல் ரேகை பதிவதெல்லாம் இரண்டாவது கப்பலிலேயே தானாகச் சரியாகிவிடும், அவற்றைப் பற்றிச் சொல்லப் போவதில்லை.

வருடத்தைக் கேட்காமல் ஆரம்பிப்பது

சில வருடங்களுக்கு முன்னால் மாட்டுங்காவிலிருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். அப்பாவுக்கு சதாபிஷேகம் வருகிறது, அப்பாவும் அம்மாவும் 1976-இல் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு 'க்வீன் எலிசபெத் 2' கப்பலில் போனார்கள், அந்தக் கப்பலைச் செய்து தர முடியுமா என்று. பெரிய வேலை. 293 மீட்டர் கப்பல், 1:300 அளவில் செய்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒப்புக்கொண்டேன். நான்கு மாதம் சாயங்காலமும் விடுமுறை நாளும் அதிலேயே போனது. நாக்தேவி தெருவில் அலைந்து வாங்கிய மெல்லிய துரப்பண ஊசிகள், அப்துல் ரஹ்மான் தெருவில் வாங்கிய ஷீட்டுகள், வெளியே அச்சடிக்கக் கொடுத்த டெகால் (பெயரும் கோடுகளும் உள்ள ஒட்டுப்படம்) என்று கைக்காசு 14,000 ரூபாய்க்கு மேல்.

கொண்டுபோய் வைத்தேன். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மூக்கிலிருந்து வால் வரை ஒரு வார்த்தையும் பேசாமல் பார்த்தார். பின்பக்க நீச்சல் குளத்துக்கு மேலே நான் அவ்வளவு பாடுபட்டுச் செய்திருந்த கண்ணாடிக் கூரையில் விரலை வைத்தார். "தம்பி, இங்கே கூரை கிடையாது. நாங்கள் சாயங்காலம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இங்கேதான் உட்கார்ந்திருப்போம். மேலே வானம்தான் இருந்தது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் போன கப்பல் இது இல்லை" என்றார். அந்த அம்மா அப்போது உயிரோடு இல்லை.

அவர் சொன்னது முழுக்கச் சரி. வீட்டுக்கு வந்து இரவெல்லாம் படங்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். அந்தக் கப்பல் 1969-இல் ஓடத் தொடங்கியபோது அதன் ஃபனல் ஒல்லியாக, வெள்ளையாக, நடுவில் கறுப்புக் குழாயோடு இருந்தது. 1972-இல் ஃபனலுக்கு முன்னால், மேல்தளத்தில், பணக்காரப் பயணிகளுக்காகப் புதிய அறை வரிசை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1977-இல் அதைப் பெரிதாக்கினார்கள். 1982-இல் ஃபாக்லாந்து போருக்குப் படைகளை ஏற்றிக்கொண்டு போனது, திரும்பி வந்த பிறகு உடல் வெளிர்சாம்பல் நிறமானது, ஃபனல் சிவப்பானது. வெளிர்சாம்பல் அடுத்த வருடமே போய்விட்டது, சிவப்பு நிலைத்தது. குளத்து மேல் திறந்து மூடும் கண்ணாடிக் கூரை வந்தது 1983-இல். 1986-87 குளிர்காலத்தில் ஜெர்மனியின் பிரெமர்ஹேஃபனில் நிறுத்தி, நீராவி டர்பைன்களைக் கழற்றி ஒன்பது டீசல் எஞ்சின்களை வைத்தார்கள். ஒன்பது எஞ்சினுக்கு ஒன்பது புகைக்குழாய் வேண்டும், அதனால் பழைய ஒல்லி ஃபனல் போய்த் தடித்த ஃபனல் வந்தது. 1994-இல் உடலே நீலமானது, சில வருடத்தில் மறுபடியும் கருமை. அந்தக் கப்பலைத் தெரிந்தவர்கள் ஃபனலின் தடிமனைப் பார்த்தே 1987-க்கு முன்னா பின்னா என்று சொல்லிவிடுவார்கள்.

நான் செய்தது என்ன? தடித்த ஃபனல், சிவப்பு வண்ணம், கண்ணாடிக் கூரை, நீண்ட அறை வரிசை. நான்குமே 1976-இல் கிடையாது.

இது எப்படி நடந்தது என்பதைக் கவனியுங்கள், ஏனென்றால் இன்று ஆரம்பிக்கும் ஒவ்வொருவரும் இதே வழியில்தான் விழுகிறார்கள். கப்பல் பெயரைத் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை அதன் கடைசி வருடங்களில் எடுத்தவை. டிஜிட்டல் கேமரா எல்லோர் கையிலும் வந்த பிறகு எடுத்தவை. அந்தக் கப்பல் 2008-இல் ஓய்வு பெற்று துபாய்க்குப் போய், பத்து வருடம் கழித்து ஹோட்டலாகத் திறந்தது, அதனால் ஓய்வுக்குப் பிந்தைய படங்களும் குவிந்து கிடக்கின்றன. நாற்பது வருட வாழ்க்கையின் முதல் பாதி சில நூறு படங்களில் அடங்கிவிடும், இரண்டாம் பாதி ஆயிரக்கணக்கில் இருக்கும். நாம் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கப்பலின் வயோதிகத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

இன்றுவரை எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றே ஒன்று. 1976 என்று அவர் முதல் செய்தியிலேயே எழுதியிருந்தார். எனக்குத் தேவையான ஒரே அளவு முதல் வரியிலேயே இருந்தது, நான் அதைக் குடும்பக் கதை என்று நினைத்து வாசித்துவிட்டுக் கடந்து போனேன். காசு வாங்காமல் மறுபடியும் முதலிலிருந்து செய்து கொடுத்தேன். ஐந்து மாதம் ஆனது. சதாபிஷேகம் முடிந்து வெகுநாள் ஆகியிருந்தது.

இப்போது என் வழக்கம் இது. வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே எந்த வருடம், முடிந்தால் எந்த மாதம் என்று எழுதி வாங்கிக்கொள்கிறேன். "எதுவானாலும் பரவாயில்லை" என்று சொன்னால் நானே ஒரு வருடத்தை எழுதி அவர்கள் ஒப்புதலை வாங்குகிறேன். கிடைக்கும் ஒவ்வொரு படத்தையும் சின்னதாக அச்சிட்டு, பின்னால் அது எடுத்த வருடத்தை எழுதுகிறேன், இணையத்தில் ஏற்றிய தேதியை அல்ல. வருடம் தெரியாத படத்தில் அடையாளம் தேடுகிறேன்: ஃபனல் ஒல்லியா தடியா, கூரை இருக்கிறதா, உடல் என்ன நிறம். அப்படியும் வருடம் பிடிபடாத படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மேசைக்கு வராது. பழைய தபால் அட்டைகளில் ரொம்ப ஜாக்கிரதை. அச்சடித்த அட்டை தீரும் வரை வருடக்கணக்கில் விற்பார்கள், அதனால் பின்னால் இருக்கும் தபால் முத்திரை படத்தின் வயதைச் சொல்லாது.

மூக்கில் எழுதிய பெயரை நம்புவது

தம்பிகளின் கர்னிகாவுக்கு வருகிறேன். அது 1990-இல் இத்தாலியில் 'கிரௌன் பிரின்சஸ்' என்று பிறந்தது. அப்புறம் 'அரோசா ப்ளூ', 'ஐடா ப்ளூ', 'ஓஷன் வில்லேஜ் டூ', 'பசிஃபிக் ஜுவல்', கடைசியாகக் 'கர்னிகா'. ஆறு பெயர், ஆறு வேஷம். ஐடாவாக இருந்தபோது மூக்கில் சிவப்பு உதடு வரைந்திருந்தார்கள், அந்தக் கம்பெனியின் எல்லாக் கப்பலிலும் அது உண்டு. ஆனால் வண்ணத்தை உரித்துவிட்டுப் பாருங்கள்: முன்பக்க மேல்தளம் டால்ஃபின் நெற்றி மாதிரி வளைந்து குவிந்திருக்கும். கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ வரைந்த வடிவம். ஆறு பெயரிலும் மாறாதது அந்த நெற்றிதான். 2020-இல் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப் போனபோதும் அதே நெற்றியோடுதான் போனது.

மும்பையிலிருந்து கார்டீலியா கம்பெனிக்காக 2021 முதல் ஓடும் 'எம்ப்ரஸ்' கதையும் இதுதான். 1990-இல் பிரான்சின் சாந் நசேரில் கட்டியபோது 'நார்டிக் எம்ப்ரஸ்', 2004-இல் 'எம்ப்ரஸ் ஆஃப் தி சீஸ்', 2008-இல் ஸ்பெயின் கம்பெனிக்குப் போய் வெறும் 'எம்ப்ரஸ்', 2016-இல் திரும்பி வந்து மறுபடியும் 'ஆஃப் தி சீஸ்', இங்கே வந்ததும் மறுபடியும் 'எம்ப்ரஸ்'. "எம்ப்ரஸ் செய்து கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டால் எந்த எம்ப்ரஸ்?

படங்களைச் சேர்க்கும்போது பெயரை விட்டுவிட்டு ஐ.எம்.ஓ எண்ணை, அதாவது ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள சர்வதேசப் பதிவு எண்ணைப் பிடியுங்கள். ஏழு இலக்கம், கப்பலை உடைக்கும் வரை மாறாது. முதலில் எண்ணை வைத்துப் பழைய பெயர்களை எல்லாம் வரிசையாக எழுதுங்கள், எந்தப் பெயர் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை என்று பக்கத்தில் குறியுங்கள், அப்புறம் படம் தேடுங்கள். தம்பிகள் இதை என் மேசையிலேயே உட்கார்ந்து செய்தார்கள், நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. 2019 என்று முடிவு செய்துகொண்டு ஃபனலைச் சுரண்டப் போயிருக்கிறார்கள்.

சிஸ்டர் ஷிப் என்றால் ஒரே அச்சு என்று நினைப்பது

ஒரு கப்பலின் வரைபடம் கிடைக்கவில்லை, அதன் சிஸ்டர் ஷிப், அதாவது அதே வடிவமைப்பில் கட்டிய இன்னொரு கப்பலின் வரைபடம் இருக்கிறது, அதையே வைத்துச் செய்துவிடலாம் என்பார்கள். செய்யலாம், மூன்று இடத்தைச் சரிபார்த்த பிறகு.

முதலில் நீளம். 'என்சான்ட்மென்ட் ஆஃப் தி சீஸ்' கப்பலை 2005-இல் ராட்டர்டாமில் நடுவில் வெட்டி, 22 மீட்டர் துண்டு ஒன்றைச் செருகி ஒட்டினார்கள். கூட அறைகள் வேண்டும், புதிய கப்பல் கட்டுவதைவிட இது மலிவு. அதோடு பிறந்த 'கிராண்டியர் ஆஃப் தி சீஸ்' வெட்டப்படவில்லை. 1:500 அளவில் 4.4 சென்டிமீட்டர் வித்தியாசம், யார் கண்ணுக்கும் தப்பாது. இந்த வெட்டி ஒட்டும் வேலை புதிதும் இல்லை, 1970-இல் வந்த 'சாங் ஆஃப் நார்வே'யை 1978-லேயே இப்படி நீட்டினார்கள்.

அடுத்தது நீருக்குக் கீழே. கார்னிவல் கம்பெனியின் ஃபேன்டசி வகையில் எட்டுக் கப்பல்கள். முதல் ஆறுக்கு வழக்கமான ஷாஃப்டும் சுக்கானும். 1998-இல் வந்த 'இலேஷன்', அதற்கு அடுத்த 'பாரடைஸ்' இரண்டுக்கும் உடலுக்குக் கீழே தொங்கிச் சுழலும் 'பாட்' வகை உந்திகள். முழு உடலோடு மாதிரி செய்பவர் 'ஃபேன்டசி'யின் பின்பக்கத்தை 'இலேஷ'னுக்கு வைத்தால் எல்லாம் வீண். நீருக்குக் கீழே படமே கிடைக்காது என்பவர்கள் டிரை டாக்கில், அதாவது தண்ணீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுதுபார்க்கும் தொட்டியில் எடுத்த படங்களைத் தேடுங்கள்.

மூன்றாவது ஃபனல். 'கார்னிவல் ஸ்ப்ளெண்டர்' கோஸ்டா என்ற இன்னொரு கம்பெனிக்காக வரைந்த கப்பல், கட்டும்போதே கைமாறி 2008-இல் வந்தது. கோஸ்டாவுக்கு நேராக நிற்கும் மஞ்சள் குழாய்கள், இதற்கு வடிவமைப்பாளர் ஜோ ஃபார்கஸ் உருவாக்கிய திமிங்கில வால். உடலைப் பார்த்தால் அக்கா தங்கை, தலையைப் பார்த்தால் வேறு வீடு.

டன் என்றால் எடை என்று நினைப்பது

விளம்பரத்தில் வரும் டன், கப்பலின் உள்ளே அடைபட்ட இடத்தின் கணக்கு. எடை இல்லை, நீளமும் இல்லை. க்வீன் எலிசபெத் 2 தன் கடைசிக் காலத்தில் ஏறத்தாழ 70,000, கர்னிகாவும் ஏறத்தாழ 70,000. ஒன்று 293 மீட்டர், இன்னொன்று 245. முன்னது அட்லாண்டிக் அலையை வேகமாகக் கிழிக்க ஒல்லியாகச் செய்தது, பின்னது அறைகளை அடுக்கி உயர்த்தியது. டன்னை வைத்து அளவு ஊகிக்காதீர்கள்.

கம்பெனி வெளியிடும் வரைபடத்தைப் பார்த்துச் செய்வது

கட்டும் முன் வரைந்து காட்டுவதும் கட்டி முடிப்பதும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கப்பல் மிதக்கும் வரை பொறுங்கள்.

வெள்ளையை வெள்ளையாக அடிப்பது

டப்பாவிலிருந்து அப்படியே எடுத்த வெள்ளை, அரை மீட்டர் மாதிரியில் குளியலறை ஓடு மாதிரிப் பளிச்சென்று அடிக்கும். கடலில் தூரத்தில் நிற்கும் கப்பலுக்கும் நமக்கும் நடுவே காற்றும் ஈரமும் இருக்கின்றன, நிறம் கொஞ்சம் மங்கித்தான் கண்ணுக்கு வரும். ஒரு சொட்டுச் சாம்பல், ஒரு பொட்டு மஞ்சள் கலந்து பாருங்கள். எலிஃபன்டா தீவுக்குப் போகும் படகில் ஒரு தடவை போய்விட்டு வந்தால் நான் சொல்வது புரியும். மேகமூட்டமான நாளில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை போனால் இன்னும் நல்லது, இரண்டு நாளும் ஒரே கப்பல் இரண்டு வெள்ளையில் நிற்கும்.

மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடிப்பது

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் வேண்டாம். ஈரக் காற்றில் வார்னிஷ் பால் மாதிரி வெளுத்துப் பூத்துவிடும்.

கண்ணாடிப் பெட்டியை விலையில் சேர்க்காதது

முதல் நாளே சேர்த்துச் சொல்லுங்கள். மாட்டுங்கா பெரியவருக்கு இரண்டாவது கப்பலைப் பெட்டியோடுதான் கொடுத்தேன். குளத்துக்கு மேலே ஒன்றும் வைக்கவில்லை.