ஊர் வீட்டில் வைஃபை: யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு

விடுமுறைக்குப் போகும்போது ஊர் வீட்டு இணையத்தையும் ஒழுங்குபண்ணிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள், அந்த வேலையைப் போன முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். கோயில், கல்யாணவீடு, சொந்தக்காரர் என்று ஓடிவிட்டுக் கடைசி இரண்டு நாளில் பலர் அவசரமாக மாட்டிவிட்டு வருகிறார்கள். மாட்டிய அன்று எல்லாம் நன்றாகவே வேலை செய்யும். ஒரு மழை பெய்து, கரண்ட் ஒருதரம் போய் வந்த பிறகுதான் குறை தெரியவரும். அந்த நேரம் நீங்கள் வீட்டில் நிற்க வேண்டும். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அம்மாவோ அப்பாவோ தாங்களே சமாளிக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ரவுட்டர் வாங்கிக்கொண்டு போகலாமா? ஃபைபர் இணைப்பு உள்ள வீடென்றால் நிறுவனம் தரும் பெட்டியே ரவுட்டராகவும் இருக்கும். அதைக் கழற்ற வேண்டாம். நீங்கள் கொண்டுபோவதை அதனுடன் வயரால் இணைத்து, ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ முறையில், அதாவது முதல் பெட்டியின் வலையமைப்பையே வைஃபையாகப் பரப்பும் முறையில் வையுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் இரண்டு பெட்டிகளும் தனித்தனி வலையமைப்பு நடத்தும். ஒரு அறையிலிருந்து பிரிண்டரோ டிவியோ தெரியாமல் போகும். சிம் போடும் 4ஜி ரவுட்டரை மட்டும் கனடாவிலிருந்து கொண்டுபோகவே வேண்டாம். இலங்கையில் 4ஜி பரவலாக ஓடுவது 1800 மெகாஹெர்ட்ஸில். வட அமெரிக்காவுக்கென்று செய்த கருவிகள் பலவற்றில் அந்த அலைவரிசையே இருக்காது. அதை யாழ்ப்பாணத்திலேயே வாங்குங்கள். பழுதானால் திருப்பிக் கொடுக்கவும் கடை பக்கத்தில் இருக்கும்.

இலங்கையில் மின்சாரம் 230 வோல்ட். அடப்டரில் 100-240 என்று எழுதியிருந்தால் பயமில்லை. 120 மட்டும் இருந்தால் செருகவே கூடாது. பிளக் பேஸ் சில வீடுகளில் வட்டக் காலுக்கு, சில வீடுகளில் சதுரக் காலுக்கு. விமானநிலையத்தில் வாங்கிய பயண அடப்டரை அப்படியே நிரந்தரமாக விட்டுவராதீர்கள். அது தளர்ந்து தளர்ந்து ரவுட்டர் அடிக்கடி நின்று எழும்பும். வீட்டில் உள்ளவர்கள் ‘லைன் சரியில்லை’ என்று நிறுவனத்துக்குப் போன் பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது இடம். இதற்கு நேரம் செலவழியுங்கள். பழைய வீடுகளின் சுண்ணாம்புக்கல் சுவர்கள் தடித்தவை. வைஃபை 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைகளில் ஓடும். இரண்டு சுவர் தாண்டினால் 5 அநேகமாக ஓய்ந்துவிடும், 2.4 இன்னும் கொஞ்சம் போகும். நாற்சார் வீடென்றால் முற்றத்தைப் பார்த்த உள் விறாந்தையில் ஆள் உயரத்துக்கு மேலே வைத்துப் பாருங்கள். நடுவில் வெளி இருப்பதால் நாலு பக்கமும் அலை போகும். இரும்பு அலுமாரிக்கு மேலேயோ குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னாலோ வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே மிக உயரத்தில் வைத்தால் சித்திரை வெயிலில் கருவி கொதிக்கும். தனியாக நிற்கும் குசினிக்கோ பின்பக்க அறைக்கோ எட்டவில்லை என்றால், வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குவதைவிட ஒரு கேபிள் இழுத்து அங்கே இன்னொரு ஆக்ஸஸ் பாயின்ட் வைப்பது எவ்வளவோ நல்லது. 4ஜி ரவுட்டர் என்றால் நிலைமை வேறு: கோபுரம் உள்ள பக்கத்து ஜன்னலோடுதான் அது இருக்க வேண்டும். ஒவ்வொரு ஜன்னலாக வைத்து வேகம் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பழைய ரவுட்டரை மாற்றுகிறீர்கள் என்றால், பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் புதியதிலும் போடுங்கள். அப்பாவின் போன், டிவி, கமரா எல்லாம் தாமாகவே இணைந்துகொள்ளும். அந்தக் கடவுச்சொல் ஊருக்கே தெரிந்ததென்றால் மட்டும் புதிதாக வையுங்கள். ரவுட்டரின் அமைப்புகளை மாற்றும் நிர்வாகப் பக்கத்தின் கடவுச்சொல்லை எப்படியும் மாற்றுங்கள். அதே பக்கத்தில் 2.4 அலையின் சனலை (அலை ஓடும் தடம்) 1, 6, 11 இல் ஒன்றாகப் பூட்டிவிடுங்கள். இலங்கையில் 12, 13 சனல்களும் உண்டு. ரவுட்டர் அங்கே போய் நின்றால் வட அமெரிக்காவில் வாங்கிய சில மடிகணினிகளுக்கு அந்த வைஃபை கண்ணிலேயே படாது.

இடி மின்னலைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி கடுமை. மின்வயரைக் கழற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். செம்புக் கம்பியில் வரும் தொலைபேசி லைன் என்றால் அந்த வயரையும் கழற்ற வேண்டும், பல ரவுட்டர்கள் எரிவது அந்த வழியால்தான். அப்புறம் கரண்ட் போனாலும் இணையம் நிற்காமலிருக்க, 12 வோல்ட் சிறிய டிசி யூபிஎஸ் (ரவுட்டருக்கு நேரே மின்சாரம் கொடுக்கும் பற்றரிப் பெட்டி) ஒன்று வாங்கிக் கொடுங்கள். கருவிக்கு எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று அடியில் பார்த்துப் பொருத்தமானதை எடுங்கள். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டதுபோல ஒரு நாள் வந்தால், வெளியே நிறுவனத்தின் பக்கம் இயங்கும்வரை அம்மாவோடு பேச முடியும்.

அவர்களுக்கு விளக்குகளைப் பழக்குங்கள். ஃபைபர் பெட்டியில் ‘லொஸ்’ (LOS) விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபர் கேபிளில் சிக்னல் வரவில்லை. தென்னோலையோ மரக்கிளையோ விழுந்து வெளியே கேபிள் அறுந்திருக்கலாம். அதற்கு ரவுட்டரை அணைத்துப் போடுவதில் பயனில்லை. எஸ்எல்டி (ஸ்ரீலங்கா டெலிகொம்) இணைப்பென்றால் 1212க்கு அழைக்க வேண்டும். சிவப்பு இல்லாமலும் இணையம் வரவில்லை என்றால் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்துப் போடச் சொல்லுங்கள். ஊசி நுழையும் ரீசெட் துளையை யாரும் தொடக்கூடாது, தொட்டால் நிறுவனம் போட்ட அமைப்பெல்லாம் அழிந்துவிடும். அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். நீங்கள் இருக்கும்போதே அவர்களைக் கொண்டு ஒருதடவை செய்விக்க வேண்டும்.

டேட்டா அளவுக் கணக்குள்ள திட்டம் என்றால், அதைத் தின்பது அநேகமாக நீங்கள் கொண்டுபோன போன்தான். வைஃபை கண்டதும் எடுத்த படம், வீடியோ எல்லாவற்றையும் மேலேற்றத் தொடங்கும். ஐபோனில் அந்த வைஃபைக்கு ‘லோ டேட்டா மோட்’, ஆண்ட்ராய்டில் ‘மீட்டர்ட்’ என்று போட்டுவிட்டால் பெரும்பாலும் அடங்கும். பிள்ளைகளின் டப்லெட்டுகளையும் பாருங்கள். கணக்கு இலக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், மாதக் கட்டணத்தைத் திரும்பிப் போன பிறகும் உங்கள் அட்டையிலேயே கட்டலாம்.