குளத்து நீர் பச்சையாக இருந்தால் போதுமா?

கெண்டை மீன் வளர்ப்பவர்களிடம் ஓர் எளிய சோதனை உண்டு. கையை முழங்கை வரை நீருக்குள் விடுவார்கள். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் பாசி குறைவு, உரம் இட வேண்டும். மங்கினால் போதுமான பாசி இருக்கிறது. அளவை அறிய இது நல்ல வழிதான். அதையே பாசியின் தரத்துக்கும் சான்றாகக் கொள்வதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

கெண்டை வகை மீனான கட்லா பெரிதும் தின்பது மோயினா, டாப்னியா, ரோட்டிஃபர் போன்ற விலங்கு மிதவை உயிரிகளை. அவற்றுக்குத்தான் பாசி உணவு. டயாட்டம் வகைப் பாசியில் இ.பி.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நிறைய இருக்கிறது. நீலப்பச்சைப் பாசியில் அது அரிது. டாப்னியா வளரத் தேவையான ஸ்டெரால் என்னும் கொழுப்புப் பொருள்களும் கிட்டத்தட்ட இல்லை. போதாக்குறைக்கு, மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி வழவழப்பான உறைக்குள் கொத்துக் கொத்தாகத் திரள்வதால் சிற்றுயிர்களால் அதை எளிதில் விழுங்கவும் முடியாது. அதன் பல ரகங்கள் நஞ்சும் சுரக்கும். குளம் பச்சைப்பசேல் என்றிருக்க, கட்லா மெலிந்துகிடப்பது இதனால்தான்.

நல்ல இனப் பாசியும் சத்தற்றுப் போகலாம். வெயில் நிறைய, பாஸ்பரஸ் குறைவு என்றால் பாசியின் உடலில் கார்பன்தான் ஏறும். பாஸ்பரஸ் அதிகம் தேவைப்படும் டாப்னியா அதை வயிறாரத் தின்றும் வளராது. அந்த நிலையில் யூரியாவை மட்டும் கொட்டுவது வீண். அதற்காகச் சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் அள்ளிப் போட்டால், நைட்ரஜன் பற்றாத நீரில் காற்றின் நைட்ரஜனையே பயன்படுத்தத் தெரிந்த அனபீனா என்னும் நீலப்பச்சைப் பாசிக்குக் கொண்டாட்டம்.

மேலே படலம் கண்டதும் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றுவதைத்தான் நான் மிக மோசமான தவறு என்பேன். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். செல்கள் உடைவதால் உள்ளிருந்த நஞ்சும் நீரில் கலந்துவிடும்.

முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் குளத்து நீரை நிரப்பி, சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். பச்சை முழுவதும் மேலே வந்து ஒதுங்கினால் மைக்ரோசிஸ்டிஸ் மீது சந்தேகம் கொள்ளலாம். அதன் செல்களில் வாயுப் பைகள் உண்டு. யூக்ளினா என்னும் பச்சை நுண்ணுயிரியும் மேலே நீந்தி வரக்கூடும் என்பதால், ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு உர மூட்டையைப் பிரியுங்கள்.